தண்ணீரில் ஒன்று, வாணவேடிக்கைக்கு ஒன்று: ஹாண்டலின் வெட்டவெளி இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்களில் பலருக்கு முதலில் கைக்கு வருவது ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஹாண்டலின் இந்த இரண்டு படைப்புகள்தான்: 'வாட்டர் மியூசிக்', 'மியூசிக் ஃபார் தி ராயல் ஃபயர்வொர்க்ஸ்'. கேட்டு முடித்ததும் எழும் சந்தேகங்களும் திரும்பத் திரும்ப அவையேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ரெண்டும் ஒரே சிடியில வருது. ரெண்டும் ஒரே நிகழ்ச்சிக்கு எழுதினதா?

இல்லை. இடையில் 32 ஆண்டுகள் இருக்கின்றன, மன்னர்களும் வேறு. 'வாட்டர் மியூசிக்' 1717 ஜூலை 17 அன்று லண்டனில் தேம்ஸ் நதியில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படகுப் பயணத்தின்போது வாசிக்கப்பட்டது. 'ஃபயர்வொர்க்ஸ்' அவருடைய மகன் இரண்டாம் ஜார்ஜ் காலத்தில், 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த வாணவேடிக்கைக்காக எழுதப்பட்டது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை முடித்து வைத்த எய்க்ஸ்-லா-ஷாப்பெல் உடன்படிக்கை 1748 அக்டோபரில் கையெழுத்தானது. அதைக் கொண்டாடத்தான் அந்த வாணவேடிக்கை.

முதலாவது முழுதாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு சிடி நிரம்பும். ஒன்றாக விற்பதற்குக் காரணம் அவ்வளவே.

ஆத்துல போற படகுல 50 பேர் உட்கார்ந்து எப்படி வாசிச்சாங்க? துடுப்புச் சத்தத்துல என்ன கேக்கும்?

துடுப்பே போடவில்லை, அதுதான் விஷயம். கடலின் ஏற்றவற்றம் லண்டன் வரைக்கும் தேம்ஸில் தெரியும். ஏற்றம் வரும் வேளையில் ஆறு மேல்நோக்கி ஓடும். அன்று இரவு சுமார் 8 மணிக்கு மன்னர் வைட்ஹாலில் படகேறினார். லாம்பெத்திலிருந்து செல்ஸி வரை படகுகள் ஏற்ற நீரோடு மிதந்தே சென்றன என்று 'டெய்லி கூரன்ட்' செய்தித்தாள் தெளிவாக எழுதியிருக்கிறது. இசைக்கலைஞர்கள் லண்டன் வணிகச் சங்கம் ஒன்றின் பெரிய படகில், மன்னரின் திறந்த படகுக்குப் பக்கத்திலேயே வந்தார்கள். சுற்றிலும் வேடிக்கை பார்க்க வந்த படகுகள் ஆற்றையே மறைத்துவிட்டன.

கோடை மாலையில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்படி இருக்கும்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் நீர்ப்பரப்பை நோக்கி இறங்கும். ஏரிக்கரையில் இரவில் அக்கரைப் பேச்சு இக்கரைக்குக் கேட்பது இதனால்தான். வெட்டவெளி இசைக்கு ஆற்றைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். மன்னர் செல்ஸியில் இறங்கி இரவு உணவு முடித்துத் திரும்பியபோதும் வாசிப்பு தொடர்ந்தது; அரண்மனை சேரும்போது விடிகாலை நாலரை.

மன்னரோட கோபத்தைத் தணிக்க ஹாண்டல் ரகசியமா எழுதி வாசிச்சார்னு படிச்சேனே, உண்மையா?

அழகான கதை, ஆனால் நம்ப இடமில்லை. ஹாண்டல் 1710-இல் ஜெர்மனியின் ஹனோவர் அரசவையில் இசைத் தலைவராகச் சேர்ந்தவர். விடுப்பில் லண்டன் வந்து அங்கேயே தங்கிவிட்டார். பிறகு அந்த ஹனோவர் அதிபரே 1714-இல் இங்கிலாந்தின் மன்னராக வந்து சேர்ந்தார். ஓடிப்போன பணியாளரை எஜமானர் தேடி வந்தது போன்ற இந்த நிலைமையிலிருந்துதான் கதை பிறந்தது. 1760-இல், ஹாண்டல் இறந்த மறு ஆண்டு, ஜான் மெயின்வேரிங் எழுதிய வாழ்க்கை வரலாறு அதைப் பரப்பியது.

ஆவணங்கள் சொல்வது வேறு. புதிய மன்னர் லண்டன் வந்த அதே செப்டம்பரில் அவர் முன்னிலையில் ஹாண்டலின் துதிப்பாடல் பாடப்பட்டது. ஆன் அரசி அளித்துவந்த ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகையை மன்னர் நிறுத்தவில்லை, இரட்டிப்பாக்கினார். 1717-இல் சமாதானம் செய்துகொள்ள எந்தச் சண்டையும் மிச்சமில்லை. செலவு பற்றியும் குறிப்பு இருக்கிறது: பிரஷ்யாவின் லண்டன் பிரதிநிதி போனே அனுப்பிய அறிக்கைப்படி, இசைக்கலைஞர்களுக்கு மட்டும் 150 பவுண்டு, கொடுத்தவர் கீல்மன்செக் பிரபு.

அந்த 50 பேர்ல யார் யார் என்ன வாசிச்சாங்க?

எந்த வாத்தியத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கவில்லை; வாத்தியப் பட்டியல் கிடைத்திருக்கிறது. போனேயின் அறிக்கையில் ட்ரம்பெட், ஹார்ன், ஓபோ, பசூன், குறுக்குப் புல்லாங்குழல், ரெக்கார்டர் என்ற நேர்க்குழல், வயலின், அடித்தந்தி வாத்தியங்கள் வருகின்றன. பாடகர்கள் இல்லை. ஓபோவும் பசூனும் இரட்டைச் சீவாளி வாத்தியங்கள். நாகஸ்வரத்தின் தூரத்து உறவு. சீவாளியின் கூர்மையான நாதம்தான் வெளியில் எடுபடும் என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

இதில் அன்றைக்குப் புதுமை ஹார்ன். காட்டில் வேட்டைக்கு ஊதிய வாத்தியம் அது. அதை ஆர்கெஸ்ட்ராவில் உட்கார வைத்தது லண்டன் காதுகளுக்குப் புதிது. 'வாட்டர் மியூசிக்'கில் எஃப் மேஜர் ஸ்கேலில் அமைந்த பகுதியைக் கேட்கும்போது முதல் இரண்டு உருப்படிகளில் ஹார்ன் வராது. இரண்டாவதில் தனி ஓபோ மெதுவாக ஏங்கிக்கொண்டிருக்கும். அது அடங்கியதும் மூன்றாவதில் இரண்டு ஹார்ன்களும் சேர்ந்து எழும். முழுப் படைப்பிலும் மனசை அள்ளும் இடம் அதுதான். அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

'ஃபயர்வொர்க்ஸ்'ல மட்டும் ஏன் வயலின் வேண்டாம்னாங்க?

இரண்டாம் ஜார்ஜுக்கு அது ராணுவக் கொண்டாட்டம். போர்க்கருவிகள் மட்டும் ஒலித்தால் போதும், 'பிடில்' கூடாது என்பது அவர் விருப்பம். ஹாண்டலோ ட்ரம்பெட்டைக் குறைத்து வயலின் சேர்க்கப் பார்த்தார். 1749 மார்ச்சில் ஏற்பாட்டுப் பொறுப்பில் இருந்த மாண்டேகு கோமகன், மன்னர் கேட்டால் மிகவும் வருந்துவார் என்று பதற்றத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார். மன்னர் விருப்பம் வென்றது.

ஹாண்டலின் கையெழுத்துப் பிரதியில் எண்ணிக்கை இருக்கிறது. ஓபோ 24 (மூன்று தனி வரிகளுக்கு 12, 8, 4), பசூன் 12, ஒரு கான்ட்ரா பசூன், ட்ரம்பெட் 9, ஹார்ன் 9 (இரண்டுமே வரிக்கு மூவர்), டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசு மூன்று ஜோடி, கூடவே ராணுவப் பக்கமுரசு. பாம்பு போல வளைந்த 'சர்ப்பென்ட்' என்ற ஊதுகருவியையும் முதலில் எழுதிப் பிறகு அடித்திருக்கிறார்.

ஹாண்டல் தம் ஆசையைக் கைவிடவில்லை. ஒரு மாதம் கழித்து மே 27 அன்று லண்டனின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லமான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் நிதிக்காக, அதன் ஆலயத்துக்குள் இதை வாசித்தபோது தந்தி வாத்தியங்களும் சேர்ந்தன. வயலின்கள் ஓபோவின் வரியையும், செல்லோவும் டபுள் பாஸும் பசூனின் வரியையும் எடுத்துக்கொள்ளும். இன்று பெரும்பாலும் கேட்கக் கிடைப்பது இந்த வடிவம்.

24 ஓபோன்னா காது கிழியாதா?

அறைக்குள் என்றால் கிழியும். வெட்டவெளிக் கணக்கு வேறு. சுவரோ கூரையோ திருப்பி அனுப்பாத இடத்தில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஆனால் வாசிப்பவர்களை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஒன்றுக்குப் பதில் 24 ஓபோ என்றால் ஏறத்தாழ 14 டெசிபல். அதாவது ஒரு ஓபோ 10 மீட்டரில் கேட்கும் அளவுக்கு 24 ஓபோ சுமார் 50 மீட்டரில் கேட்கும். ஒரு பூங்காவுக்கு அது ஒன்றும் அதிகமில்லை.

சத்தம் மட்டுமல்ல, நாதமும் மாறும். அத்தனை ஓபோக்களும் மயிரிழை சுருதி வித்தியாசத்தோடு சேரும்போது தனி ஓபோவின் மூக்கடைத்த சாயல் கரைந்து, அகலமான, பித்தளை கலந்தது போன்ற ஒலி வரும். இதை ஒருமுறையாவது நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். பதிவுகளைப் பற்றி கீழே இருக்கிறது.

ஏன் எப்பப் பார்த்தாலும் டி மேஜர்? ஹாண்டலுக்கு வேற ஸ்கேல் பிடிக்காதா?

ட்ரம்பெட்டும் டிம்பனியும் அங்கே கட்டிப் போட்டுவிடுகின்றன. அந்தக் கால ட்ரம்பெட்டில் வால்வு இல்லை. ஏழடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமுள்ள வெறும் குழாய். உதட்டு அழுத்தத்தால் மட்டும் ஸ்வரங்களை எடுக்க வேண்டும். லண்டனில் வழங்கிய குழாயின் இயல்பான ஆதார ஸ்வரம் டி. டிம்பனி இரண்டும் ஸ, ப-வில், அதாவது டி, ஏ-யில் கட்டப்பட்டிருக்கும். எனவே விழா இசை என்றால் டி மேஜர், நம் வழக்கில் சொன்னால் டி-யை ஸட்ஜமாக வைத்த சங்கராபரண ஸ்வரங்கள்.

ட்ரம்பெட் ஓய்ந்திருக்கும்போது பாருங்கள், ஹாண்டல் உடனே வேறு பக்கம் நகர்வார். 'ஃபயர்வொர்க்ஸ்'இன் தொடக்க உருப்படியான ஓவர்ச்சருக்கு அடுத்து வரும் பூரே நடனம் டி மைனரில், ஓபோவும் பசூனும் மட்டும். 'வாட்டர் மியூசிக்'கின் ஹார்ன் பகுதி எஃப் மேஜரில், புல்லாங்குழல் பகுதி ஜி மேஜரில்.

பழைய வாத்தியத்துல வாசிச்ச பதிவுல ட்ரம்பெட் ஒரு இடத்துல அபஸ்வரமா கேக்குது. தப்பா வாசிக்கிறாங்களா?

அது பெரும்பாலும் மத்திமமாக இருக்கும். மேலே சொன்ன வால்வில்லாத குழாய் தரும் ஸ்வரங்கள் இயற்கைத் தொடரில் வருபவை. கீழ் ஸ்தாயிகளில் ஸ, ப, க போன்ற சிலதான் கிடைக்கும், இடைவெளி அதிகம். எட்டாவது படியிலிருந்து மேலேதான் ஸ, ரி, க என்று வரிசையாக வரும். அதனால்தான் ட்ரம்பெட்டின் ராகமெல்லாம் உச்சத்தில் இருக்கிறது.

சிக்கல் பதினோராவது படி. அது சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் நிற்கும். பதின்மூன்றாவது படியான தைவதமும் சதுச்ருதிக்குக் கீழே தொங்கும். வாசிப்பவர் உதட்டால் அதை மேலோ கீழோ வளைத்துக்கொள்ள வேண்டும். இன்று பலர் குழாயில் சிறு துளைகள் போட்டுத் திறந்து மூடிச் சமாளிக்கிறார்கள். அவை இருபதாம் நூற்றாண்டு ஏற்பாடு. துளை இல்லாமல் வாசிக்கும் பதிவுகளில் அந்த மத்திமம் கொஞ்சம் கரகரக்கும். வேகமாகக் கடந்து போகும் இடங்களிலேயே ஹாண்டல் அதை வைத்திருப்பதைக் கவனித்தால், அவருக்கு இது தெரிந்தே இருந்தது என்பது விளங்கும்.

இன்னொரு வித்தியாசம் மொத்த சுருதி. பழைய வாத்தியக் குழுக்கள் ஏ ஸ்வரத்தை 440-க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைப்பது வழக்கம். அரை ஸ்வரம் தாழ்ந்து கேட்கும். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால் ஒன்று தப்பு என்று தோன்றும், தப்பில்லை.

ஒரே உருப்படியை ரெண்டு மூணு தடவை வாசிக்கிறாங்களே, போரடிக்காதா?

ஒவ்வொரு முறையும் வாசிப்பவர்கள் மாறுவார்கள். 'ஃபயர்வொர்க்ஸ்'இல் 'லா ரெஜுயிஸான்ஸ்' மூன்று முறை வரும்: முதலில் ட்ரம்பெட்டோடு, அடுத்து ஹார்னோடு, கடைசியில் எல்லோரும். ஹார்ன் அதே ராகத்தை ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பதால், வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு வந்து மீண்டும் வெயிலுக்குப் போவது போல இருக்கும். 'வாட்டர் மியூசிக்'கின் எஃப் மேஜர் பூரேயிலும் இதே முறைக் குறிப்பு உண்டு: ஒருமுறை வயலின்கள், ஒருமுறை ஓபோக்கள், பிறகு இருவரும்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. விருந்தினர் பேசுவார்கள், படகு நகரும், காற்று திசை மாறும். ஒரே தடவை சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பேருக்குக் கேட்காது. ஊதுபவர்களின் உதட்டுக்கும் ஓய்வு வேண்டும். சில குழுக்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க இந்த மறுமுறைகளை வெட்டிவிடுகின்றன. அப்படி வெட்டினால் உருப்படியின் அமைப்பே போய்விடுகிறது.

வாணவேடிக்கையில தீப்பிடிச்சதாமே?

ஆமாம். செர்வண்டோனி என்ற மேடைக் கலைஞர் 1748 நவம்பரிலிருந்து மரத்திலும் துணியிலும் எழுப்பிய, 114 அடி உயரமும் 410 அடி நீளமும் கொண்ட பழங்கிரேக்க டோரிக் பாணிக் கோயில் போன்ற அமைப்பு அது. அதன் வலப்பக்க மண்டபம் வேடிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே எரிந்து போனது. கோபத்தில் செர்வண்டோனி, பொறுப்பதிகாரி சார்ல்ஸ் ஃப்ரெடரிக்கை நோக்கி வாளை உருவியதால் பிடித்து வைக்கப்பட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். ராக்கெட்டுகள் நன்றாக இருந்தன, சக்கரங்களும் மற்றவையும் மோசம் என்று எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் கடிதத்தில் எழுதினார். வெடிக்காமல் மிஞ்சியவற்றை ரிச்மண்ட் கோமகன் வாங்கி, மே 15 அன்று தேம்ஸ் கரையிலிருந்த தம் வீட்டில் வெடித்தார்.

இசைக்கு இதில் பாதிப்பில்லை. முதலில் ஓவர்ச்சர், பிறகு சைகை, பிறகு 101 பீரங்கி முழக்கத்தோடு வாணம் என்பதே அறிவிக்கப்பட்ட வரிசை. ராக்கெட்டுக்கும் இசைக்கும் தாளம் பொருத்திய இன்றைய நிகழ்ச்சிகளை மனசில் வைத்துக்கொண்டு அன்றைய மாலையைக் கற்பனை செய்யாதீர்கள். இசையைச் சரியாகக் கேட்டவர்கள், ஆறு நாள் முன்னதாக ஏப்ரல் 21 அன்று வாக்ஸ்ஹால் தோட்டத்தில் நடந்த ஒத்திகைக்குப் போனவர்கள்தான். அரை கிரவுன் கட்டணம் வைத்தும் 12,000 பேர் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. லண்டன் பாலத்தில் மூன்று மணி நேரம் வண்டிகள் நகரவில்லை.

'வாட்டர் மியூசிக்' ஒவ்வொரு சிடியிலயும் ஒவ்வொரு வரிசையில இருக்கே, எது சரி?

ஹாண்டலின் முழுக் கையெழுத்துப் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வாத்தியத்தையும் ஸ்கேலையும் வைத்து மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள்: ஹார்னோடு எஃப் மேஜர், ட்ரம்பெட்டும் ஹார்னும் சேர்ந்து டி மேஜர், புல்லாங்குழலோடு ஜி மேஜர். ஹாண்டல் படைப்பு எண்கள் 348, 349, 350 என்று அட்டையில் இருந்தால் இந்தப் பிரிவினை. ஜி மேஜர் பகுதி மென்மையானது என்பதால் அது உணவு வேளைக்கு எழுதப்பட்டது என்று ஒரு ஊகமும் கிளம்பியது.

2004-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மியூசிஷியன்ஸ் சேகரிப்பில் மிகப் பழைய நகல் ஒன்று அடையாளம் காணப்பட்டது. அதில் எஃப் மேஜர் முதலில் வர, டி மேஜரும் ஜி மேஜரும் கலந்தே வருகின்றன. முதல் முறை கேட்பவருக்கு மூன்று தொகுதி வடிவம் எளிது. இரண்டாவது முறை கலந்த வரிசையில் கேளுங்கள். ட்ரம்பெட் முழக்கத்துக்கு அடுத்து புல்லாங்குழல் வரும்போது இரண்டுமே கூடுதலாக ஒளிரும். எங்கள் ஓட்டு கலந்த வரிசைக்கே.

எந்தப் பதிவுல ஆரம்பிக்கலாம்?

'ஃபயர்வொர்க்ஸ்'க்கு இசை நடத்துநர் சார்ல்ஸ் மெக்கரஸ் 1959-இல் செய்தது. ஹாண்டல் இறந்து 200 ஆண்டு நிறைந்த சமயத்தில், 26 ஓபோக்காரர்களை ஒரே இடத்தில் சேர்க்க நள்ளிரவில்தான் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் அவர்களுக்கு வேறு கச்சேரிகள். நவீன வாத்தியங்கள்தான், ஆனால் அந்த ஓபோச் சுவர் உங்களை அசைத்துவிடும். பழைய வாத்தியங்களிலேயே முழுப்படையோடு கேட்க ராபர்ட் கிங்கின் 1989 பதிவு. ஹாமில்டன் ஹார்ட்டி என்று அட்டையில் இருந்தால் அது ஆறு உருப்படிகளை மட்டும் எடுத்துப் பெரிய நவீன ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய தழுவல்; அழகாக இருக்கும், ஆனால் 1717-இன் ஒலி அல்ல.

எங்க குழுவுல இதை வாசிக்க ஆசை. குறைஞ்சது எத்தனை பேர் வேணும்? திறந்தவெளியில வாசிக்கலாமா?

'வாட்டர் மியூசிக்'கின் டி மேஜர் தொகுதியில் தொடங்குங்கள், ஐந்தே உருப்படி. முதல் வயலின் 3, இரண்டாம் வயலின் 3, வயோலா 2, செல்லோ 2, டபுள் பாஸ் 1, ஓபோ 2, பசூன் 1, ட்ரம்பெட் 2, ஹார்ன் 2: 18 பேர் போதும். ஓபோ கிடைக்காவிட்டால் அதன் வரி பெரும்பாலும் வயலினோடு ஒட்டியே போவதால் சமாளிக்கலாம். ட்ரம்பெட், ஹார்ன் இரண்டில் எதையும் விட முடியாது. ட்ரம்பெட் சொன்னதை ஹார்ன் ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்வதுதான் அந்தத் தொகுதியின் உயிர்.

வெளியில் வாசிப்பதாக இருந்தால் தப்பாகக்கூடியவை இவை. வெயில் ஏற ஏற ஊதுவாத்தியங்களின் சுருதி உயரும், தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டு உருப்படிக்கு ஒருமுறை சேர்த்தே ஆக வேண்டும். தோல் போர்த்திய டிம்பனி ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி விழும். காற்றில் தாள் பறக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கிளிப் போடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவரைக் காதால் பின்தொடர்ந்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி பின்தங்குவீர்கள். கண்ணால் முதல் வயலினின் வில்லைப் பாருங்கள். நெருக்கி உட்காருங்கள், பின்னால் ஒரு சுவரோ பலகைத் தடுப்போ இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு: 'வாட்டர் மியூசிக்'ல டிம்பனி உண்டா இல்லையா? சிலதுல இருக்கு, சிலதுல இல்ல.

நமக்குக் கிடைத்த பிரதிகளில் டிம்பனிக்கு வரி இல்லை, நாலாவது பதிலில் சொன்ன போனேயின் பட்டியலிலும் இல்லை. ஆனால் டி மேஜரில் ட்ரம்பெட் இருக்கும் இடத்தில் டிம்பனிக்காரர் ட்ரம்பெட்டின் அடிக்குரலைப் பார்த்துத் தாமே அடித்துச் சேர்ந்துகொள்வது அக்கால வழக்கம். அதனால் ஹார்ன்பைப் நடனம் போன்ற உருப்படிகளில் சேர்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. எஃப் மேஜர், ஜி மேஜர் பகுதிகளில் சேர்ப்பதற்கு நியாயம் இல்லை. அங்கே ட்ரம்பெட்டே கிடையாது.

ஹார்ப்சிகார்டும் போனேயின் பட்டியலில் வரவில்லை. மண்டபத்தில் வாசிக்கும்போது அது மெல்லிய நிறம் சேர்க்கும். படகில் இருந்திருந்தால்கூட மன்னரின் படகுவரை அதன் ஒலி போய்ச் சேர்ந்திருக்காது.